மடி கொடுத்த மாமா

மிளகாய் வத்தல் நெடி பட்டால் எல்லோருக்கும் தும்மல் வரும். எனக்குக் காது குத்திய நாள் நினைவுக்கு வரும். மாமா சந்தைக்குச் சந்தை வத்தலும் மல்லியும் விற்றவர். அன்றைக்கென்று அத்தை வெளுத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டியிருந்தும் அந்த நெடி போகவில்லை. கோயில் வேப்பமரத்தடியில் அவர் மடியில் என்னை உட்கார வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் வழிய, ஆசாரி ஊசியை எடுத்ததும் ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறினேன். வலிக்கு அழுதேனா, நெடிக்கு அழுதேனா என்று வீட்டில் வெகுகாலம் கேலி ஓடியது. அது அறுபதுகளின் தொடக்கம். நினைவு நிற்கிற வயது வரைக்கும் எனக்குக் காது குத்தாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருந்தது. என் அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. தாய்மாமன் மடி இல்லாமல் திருச்சுழிப் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் காது குத்த மாட்டார்கள்.

அப்படியானால் இந்த மாமா யார் என்று கேட்பீர்கள். பக்கத்துத் தெருக்காரர், அவ்வளவுதான். ரத்த சம்பந்தம் என்று ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. எங்களுக்கு மட்டுமல்ல, அவர் மடியில் உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் கிடையாது.

ஆரம்பித்தது எம்.ரெட்டியபட்டியில் என்று அத்தை சொல்வார். மாமா சைக்கிளில் வத்தல் மூட்டையோடு போயிருக்கிறார். பருத்தி எடுக்கப் போகிற ஒரு கூலிக்காரப் பெண்ணின் மகளுக்கு அன்று காதுகுத்து. ஆசாரி வந்தாயிற்று, பொங்கல் பொங்கியாயிற்று, தாய்மாமன் வரவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைக்கவில்லையாம், கோபம். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. மழைகூட ஏதோ ஒரு வருஷம் மனசு இரங்கி வந்துவிடும், கோபித்துக்கொண்ட தாய்மாமன் வரமாட்டான். அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறாள். மாமா சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, “ஏத்தா, நான் உக்காந்தா சாமி கோவிச்சுக்கிருமா?” என்று கேட்டிருக்கிறார்.

ஊசி குத்துகிற நேரத்துக்கு மடி, அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டார் மனிதர். அந்த ஊரில் ஒருவர்கூட அப்படி நினைக்கவில்லை. மடி கொடுத்தவன் மாமன். மாமன் என்றால் பிள்ளை பெரியவளானால் முதல் சேலை அவனுடையது, கல்யாணமானால் முதல் மாலை அவனுடையது, சாகிற வரைக்கும் அவன் வாசல்தான் அவளுடைய தாய்க்குப் பிறந்த வீடு. அடுத்த பொங்கலுக்கு அந்தப் பெண் மகளோடு வந்து வாசலில் நின்று, “பொறந்த வீட்டுக்கு வந்திருக்கேன்ண்ணே” என்றபோது மாமா திருதிருவென்று விழித்தாராம். அவளுக்குச் சோறு போட்டு, பிள்ளைக்குப் பாவாடைத் துணி கொடுத்து அனுப்பிவிட்டு அத்தை மாமாவைப் பிடித்துக்கொண்டார். “மடி என்ன சத்திரமா, வாரவுக எல்லாம் உக்கார?”

சத்திரமாகத்தான் போயிற்று. கூடப் பிறந்தவன் இல்லாதவர்கள், இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், பர்மாவுக்குப் போன அண்ணன் என்ன ஆனான் என்றே தெரியாதவர்கள் என்று நரிக்குடியிலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும் ஆள் வந்தது. யார், என்ன ஆட்கள் என்று மாமா கேட்டதே இல்லை. “என்னைக்குத்தா?” என்று மட்டும் கேட்பார்.

அத்தைக்கும் மாமாவுக்கும் பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில் அதற்கு ஊர் கொடுத்த தண்டனையை அனுபவித்தது அத்தைதான். கல்யாண வீட்டில் யாரும் சொல்வதற்கு முன்னால் தானே தூண் மறைவுக்குப் போய்விடுவார். ஆனால் தாய்மாமன் வந்தால் அவன் பெண்டாட்டிதான் சீர்த்தட்டு ஏந்தி முன்னால் நடக்க வேண்டும், அது முறை. முறையை எவள் மறுக்க முடியும்? முதன்முதலில் தட்டுத் தூக்கியபோது அத்தை தட்டைச் சரித்துவிட்டு மஞ்சள் கிழங்கு உருண்டு ஓடியதாம். நான் பார்க்கிற காலத்தில் கோயில் தேர் மாதிரி நடப்பார். பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

மாமாவின் பங்காளிகளுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவர்களில் மூத்தவர், மாமாவின் பெரியப்பா மகன், முகத்துக்கு நேரேயே கேட்டார். “காட்டு வேலைக்குப் போற வீட்டுக்கெல்லாம் மாமன் மொறை கொண்டாடுறியே, நம்ம கௌரவம் என்னாகும்?” மாமா சிரித்துக்கொண்டே, “எனக்குன்னு யாரும் வந்து உக்காராத மடிண்ணே. சும்மாதான கெடக்கு” என்றார். அதற்குப் பிறகு பங்காளி வீட்டு விசேஷங்களுக்கு அவரை அழைப்பதில்லை. நிறைவான வாழ்க்கை எது என்று இப்போது மேடை போட்டுப் பேசுகிறார்கள். நானும் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், கொட்டாவிதான் வருகிறது. மாமாவிடம் போய் அதைக் கேட்டிருந்தால், “மொதல்ல சாப்பிட்டியா நீ?” என்றிருப்பார்.

எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு காலை, சந்தைக்குக் கிளம்பிப் போனவர் மயங்கி விழுந்து அப்படியே போய்விட்டார். மூத்த பங்காளி வந்து காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம் கேட்டார். “நெய்ப்பந்தம் பிடிக்கணும் மச்சான்.”

பேரன் பேத்தி கண்டு, வாழ்ந்து முடித்துப் போகிறவர்களுக்குத்தான் நெய்ப்பந்தம். பேரப்பிள்ளைகள் பந்தம் ஏந்தி உடலைச் சுற்றி வந்தால், இந்த மனிதன் குறையில்லாமல் வாழ்ந்தான் என்று ஊர் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். பங்காளி முடியாது என்று தலையை ஆட்டினார். “பிள்ளையே இல்லாதவுகளுக்கு ஏதுத்தா பேரன்? இல்லாததை இருக்குன்னு காட்டினா ஊரு சிரிக்கும். கொட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சத்தமில்லாமக் கொண்டுபோயிருவோம்.” தூண் மறைவுக்குப் போகிறவளின் பழைய முகம் ஒரு கணம் அத்தைக்குத் திரும்ப வந்ததை நான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெரிய மனிதரை என்ன செய்திருப்பேனோ தெரியாது, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

சேதி பஸ்காரர்கள் வாயிலாகப் போயிருந்தது. வெயில் ஏறியபோது ரெட்டியபட்டிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். “என்னைப் பெத்த அண்ணே” என்று மாரில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தவள் அந்தப் பருத்திக்காட்டுப் பெண். பின்னால் அவள் மகள், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். பந்தம் இல்லை என்று யாரோ சொன்னதும் அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூத்த பங்காளிக்கு எதிரே போய் நின்றாள்.

“ஐயா, நான் படிக்காதவ. ஒரு மொறை மட்டும் கேக்குறேன், சொல்லுங்க. எம் மகளுக்கு மடி கொடுத்தது இவுகளா, இல்லையா?”

“ஆமா, அதான் ஊருக்கே தெரியுமே.”

“மடி கொடுத்தவுக அவளுக்குத் தாய்மாமனா, இல்லையா?”

“ஆமா.”

“அப்ப எம் மக பெத்த பிள்ளைக இவுகளுக்கு என்ன வேணும்?”

முறை தெரிந்த மனிதர் மூத்த பங்காளி. முறையை வைத்தே பிழைத்தவர். தாய்மாமனுக்குத் தங்கை மகள் பெற்ற பிள்ளைகள் பேரன் பேத்திகள்தான், வேறு பதில் எந்த ஊரிலும் இல்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “பேரன் பேத்திதான்” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “பாத்துக்கிட்டு நின்னா எப்புடி? துணியைக் கிழிங்க” என்று அதட்டினார்.

பந்தக் குச்சிக்குக் காய்ந்த பருத்திச் செடி மாரை ஒடித்துக்கொண்டு வந்தோம். நான் பழைய வேட்டியைக் கிழித்துக் கிழித்துச் சுற்றினேன், கை ஓயவில்லை. காரியாபட்டிக்காரர்கள் வந்தார்கள், நரிக்குடியிலிருந்து ஒரு லாரியில் ஆள் வந்தது. மடியில் உட்கார்ந்த பெண்கள், பையன்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள். அத்தை வீட்டு நெய் தீர்ந்து, தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிண்ணம் கிண்ணமாக வந்தது. கொட்டுக்காரர்களுக்கு ஆள் ஓடியது. பெண்கள் குலவை போட்டார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு சத்தத்தை நான் கல்யாணத்தில்கூடக் கேட்டதில்லை. அழுதுகொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது.

பிள்ளைகள் பந்தத்தோடு உடலைச் சுற்றத் தொடங்கினார்கள். ஒரு சுற்றுகூட முடியவில்லை. முதலில் போன பொடியன், வட்டத்தின் கடைசியில் நின்ற பிள்ளையின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றான். வாசலில் இன்னும் பிள்ளைகள் பந்தத்தோடு காத்திருந்தார்கள். கூடம் பூராவும் புகை. “நில்லுங்க, நில்லுங்க, எடமில்லை!” என்று மூத்த பங்காளி திணறினார்.

அத்தை எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீர்த்தட்டு ஏந்திப் போகிற அதே நடையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

“இவுகளுக்கு வீடு பத்தாது மச்சான். தெருவுக்குக் கொண்டாங்க.”

மூத்த பங்காளியே முதல் ஆளாகக் குனிந்து மாமாவைத் தூக்கினார்.