அப்பாவின் லாரியில் அடித்த வாடை

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மூக்கு கிடையாது. முகத்தில் இருந்ததெல்லாம் சளி பிடிப்பதற்கு மட்டும்தான். மலாயாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் அழுகும் வீச்சத்திலும் ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூடத்துப் புகையிலும் வளர்ந்தால் வேறு என்ன ஆகும்? அதனால்தான் அப்பா ஓட்டிய லாரிக்குள் ஏதோ நாறுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளைக்காரர் வேண்டியிருந்தது.

அந்த லாரி என்னைவிட வயதில் மூத்தது. வேறு ஏதோ தோட்டத்தில் கழித்துவிட்டதை எங்கள் துரை வாங்கி வந்திருந்தார். முன்பக்கம், டிரைவர் உட்காரப் பலகையடித்த ஒரு கூண்டு. முதலில் அதை ஓட்டியவர் என் சித்தப்பா, அம்மாவின் தங்கை புருஷன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப்போய் அப்பாவும் ஓட்டக் கற்றுக்கொண்டார். சித்தப்பா ஜுரம் கண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். லாரி அப்பாவின் கைக்கு வந்தது. தோட்டத்து லயத்து வரிசையில் சித்தப்பா குடியிருந்த வீடு, ஒண்டி ஆளுக்கு எதற்கு என்று, புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குப் போயிற்று. சித்திக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஒரு பாயையும் தகரப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு எங்களோடு வந்துவிட்டாள்.

அப்பாவுக்கு வலது காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அட்டை கடித்த இடம் சீழ் வைத்து, சீழ் வைத்த இடம் குழிவிழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறியிறங்கிப் பாலுக்கு மரம் சீவ இனி அந்தக் காலால் ஆகாது என்ற நிலை. இந்த நேரத்தில் லாரி வேலை கிடைத்ததைச் சாமி கொடுத்த வரம் என்றே அம்மா சொல்லுவாள். அந்த வரத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

ஒருநாள் துரையின் கார் படுத்துக்கொண்டது. ரயிலில் வரும் சின்ன துரையை அழைத்துவர அவர் அப்பாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரம் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று. மீதி வழியைப் பின்னால் ரப்பர் ஷீட்டுக் கட்டுகளின்மேல், தொப்பியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தே போனாராம். அன்று மாலை தோட்டமே இதைச் சொல்லிச்சொல்லிச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

மறுநாள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எவ்வளவு கோபம் வந்தாலும் குரல் உயராது.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அந்த மணம் போகவேணும். இல்லாட்டில் நீர் பழையபடி மரம் சீவத்தான் போகவேணுமெண்டு துரை சொல்லிப்போட்டார்," என்றார்.

அதோடு வீட்டில் சிரிப்பு நின்றது. அப்பா கூண்டுக்குள் வெந்நீர் ஊற்றித் தேய்த்தார். அம்மா சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்தாள். கடைசியில் சாம்பிராணி போட்டார்கள். நாற்றம் என்னவோ குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. யாருக்கோ பிலாச்சான், அந்த நாறுகிற இறால் விழுதை, ஏற்றிவந்து சிந்திவிட்டீர்கள் என்று அம்மா சண்டை பிடித்தாள். அப்பா பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சித்திக்கு மட்டும் சோறு சரியாக இறங்கவில்லை. எங்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறாள் என்று அம்மா நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஆசனத்தையே கழற்றி வெளியே வைத்தார். அதற்குப் பின்னால் இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஒரு பொந்து தெரிந்தது. அங்கிருந்துதான் வாடை வந்தது. மூக்கில்லாத எங்களுக்கே குமட்டியது. அப்பாவின் கை முழங்கைக்குமேல் நுழையவில்லை.

"கண்ணு, ஒன் கைய விட்டுப் பாரு."

குழாயடியிலிருந்து சித்தி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "வேணாம் மாமா! புள்ளய விடச் சொல்லாதீங்க!"

தேளுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் என் விரல்கள் எதையோ பிடித்துவிட்டன.

வாழையிலைப் பொட்டலம். கறுத்து, கொழகொழத்து, புழு வைத்திருந்தது. உள்ளே சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு சுருட்டு. அதோடு அவித்த முட்டை ஒன்று. முழு முட்டை! எங்கள் வீட்டில் முட்டை கிடைக்கிற நாளில் அம்மா அதை நூலால் இரண்டாக அறுத்து எனக்கும் தம்பிக்கும் கொடுப்பாள். இங்கே இப்படி ஓடிவந்து தடுக்கிற ஒருத்தி முழுசாக ஒளித்துவைத்திருக்கிறாள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"அடிப் பாவி, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடவா வந்த?" என்று அம்மா சித்தியைப் பார்த்துக் கத்தினாள்.

சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாசம் பொறந்தா அவருக்குப் படைக்கணுமில்லக்கா? எங்க வீட்டுலதான் வேற ஆளு இருக்காங்க. ஒங்க வீட்டு மூலையில வச்சா அவருக்கு எப்படித் தெரியும்? அவரு பொழங்குன எடம்னு இந்த லாரிதான் மிச்சம். காலையில எடுத்துப் புள்ளைங்களுக்குக் குடுக்கலாம்னுதான் வச்சேன். புள்ளைங்க தின்னாதானே அவருக்குப் போய்ச் சேரும்? மொதத் தடவையே இலை உள்ள நழுவிருச்சு. கை எட்டல. சொல்லவும் வாய் வரல."

அப்பா கழற்றிவைத்த ஆசனத்தில் உட்கார்ந்து புண்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, அந்தப் பொட்டலத்தை வேறு யாரையும் தொடவிடாமல் தானே கொண்டுபோய், ஆற்றோரம் குழி தோண்டிப் புதைத்தார். திரும்பி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. நாற்றம் அவ்வளவு கடுமை என்று நினைத்துக்கொண்டேன்.

செத்தவர் எப்படிச் சாப்பிடுவார் என்பது எனக்கு நியாயமாகவே பட்ட கேள்வி. அவர் சாப்பிடவில்லையென்றால் அதைச் சாப்பிட இருந்தது யார்? சித்தி கெட்டிக்காரி, அழுது தப்பித்துவிட்டாள் என்று தம்பியிடம் சொன்னேன்.

"எலி, துரை. பெரிய எலி," என்று அப்பா மறுநாள் சாதித்துவிட்டார். துரை ஏறி உட்கார்ந்து, முகர்ந்து பார்த்து, தலையாட்டிவிட்டு இறங்கினார். வேலை பிழைத்தது. அம்மா மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் அப்பா லாரியைக் கொட்டகையில் விடாமல் எங்கள் லயத்து முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினார். சித்தியின் முகத்தைப் பாராமல், "கதவு தெறந்துதான் இருக்கு. நீ வந்து சொல்ற வரைக்கும் நான் வண்டிய எடுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காலையில் சித்தி லாரியிலிருந்து இறங்கிவந்து என்னைக் கூப்பிட்டு, ஒரு முழு முட்டையை உரித்து என் கையில் வைத்தாள். கடைசியில் திருந்திவிட்டாள், திருட்டுத் தீனியில் எனக்கும் பங்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே வெற்றிக்களிப்பு. தம்பிக்குக்கூடக் கொடுக்காமல் தின்றேன். சித்தி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் தின்று முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த முட்டையின்மேல் இன்னும் ஆசை போகவில்லை என்று நினைத்து, எங்கே திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று அவசர அவசரமாக விழுங்கினேன்.