இரண்டு பேருக்கும் ஒரே அப்பா

நானும் அவளும் மண்டைதீவில் ஒரே ஒழுங்கையில், கிட்டக் கிட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே மாதா கோயில், பல்கலைக்கழகத்திலும் ஒரே பாடம். அவளுடைய அப்பா ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். என்னுடைய அப்பா கடற்தொழில் செய்தவர். நான் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும்போது, சோளகக் காற்று பலமாக அடித்த நாளொன்றில் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

பட்டம் எடுத்துவிட்டு வீட்டில் இருந்த காலத்தில், யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் வங்கிக்குப் பயிற்சி அலுவலர்கள் எடுப்பதாக அறிந்து இருவரும் விண்ணப்பித்தோம். எழுத்துப் பரீட்சையில் இருவரும் தேறினோம். அடுத்தது குழுக் கலந்துரையாடல்.

அது எப்படி நடக்குமென்று எங்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே வேறொரு வங்கியில் எடுபட்ட ஓர் அக்காவிடம் போனில் கேட்டோம். "கொஞ்சப் பேரை மேசையைச் சுத்தி இருத்தி ஒரு தலைப்புத் தருவினம். நீங்கள் கதைக்க, அவை ஒரு பக்கத்தில இருந்து புள்ளி போடுவினம். கத்திறவைக்கும் இல்லை, வாய் திறக்காதவைக்கும் இல்லை," என்றா அவ.

பின்னேரங்களில் கோயில் மண்டபத்தில் பழகினோம். பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, இரண்டில் நாங்கள் இருந்து, மற்றதுகளில் ஆட்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு கதைப்போம். யூடியூப்பில் பார்த்ததையெல்லாம் செய்து பார்த்தோம். முதல் ஆளாக விழுந்தடித்துத் தொடங்கக் கூடாது. நடுவர்களைப் பார்க்காமல் கூட இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் சொன்னதை எடுத்து, அதோடு எங்களுடையதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேசாமல் இருக்கும் ஆளைப் பார்த்து, 'நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?' என்று கேட்டால் அதற்கும் புள்ளி. எல்லாவற்றையும்விட, வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொன்னால் அதை ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

இந்தக் கடைசி விசயத்தில் அவளுக்குக் கவலை இருந்தது. "எனக்கு என்ன நடந்தது? கடையும் வீடும்தான். உனக்கெண்டால் இருக்கு," என்றாள்.

"எனக்கு என்ன இருக்கு?"

"கொப்பா."

நான் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன். "சொல்லிப் பார். அழாமல் சொல்லப் பழகினால் அது ஒரு பலம்," என்றாள். அவள் என் நன்மைக்குத்தான் சொல்கிறாள் என்று நம்பி, சொல்லிப் பார்த்தேன். எஞ்சின் நின்றது, கூடப்போன சித்தப்பா நீந்திக் கரை சேர்ந்தது, அப்பா வள்ளத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றது, சித்தப்பா தண்ணீரிலிருந்து திரும்பிப் பார்த்தபோது அப்பா தன் கையை வள்ளத்தோடு கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தது. உடம்பாவது வீட்டுக்கு வந்து சேரட்டும் என்றுதான் கட்டினார் என்று அம்மா நம்புகிறா. பாதியில் எனக்குக் குரல் அடைத்துப் போய்விட்டது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தும் கயிற்றைத் தாண்ட ஏலவில்லை. நாங்கள் கதைப்பதையெல்லாம் அவள் போனில் பதிவுசெய்வாள், பிறகு கேட்டுப் பிழை திருத்தலாம் என்று. இதையும் பதிவுசெய்தாள்.

கலந்துரையாடல் நகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. எங்கள் இருவரையும் ஒரே குழுவில் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் நகரத்துப் பெடியன்கள், பெட்டைகள். மூன்று நடுவர்களில் ஒருவர் கண்ணாடி போட்ட அம்மா. அவதான் தலைப்பை வாசித்தா: கடலுக்குப் போகிறவர்கள் உயிர்காப்பு அங்கி அணிவதைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டுமா?

நான் அவளைப் பார்த்தேன். வேறொரு தலைப்பென்றால் நன்றாகக் கதைத்திருப்பேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு பேர் கதைத்து முடியும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு மெதுவாகத் தொடங்கினாள். "இப்ப சகோதரர் சொன்ன மாதிரி, சட்டம் இருந்தால் மட்டும் காணாதுதான். ஆனால் நான் மண்டைதீவில ஒரு கடற்தொழிலாளியின்ர மகள். என்ர அப்பாவிட்ட அண்டைக்கு ஒரு அங்கி இருந்திருந்தால்..."

அவள் சொன்னது முழுவதும் என்னுடைய கதை. சோளகம், எஞ்சின், சித்தப்பா. நான் அடைத்துப்போன இடத்தில் அவள் அடைத்துப்போகவில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர்ப் போத்தலைத் தொட்டு, தொட்ட கையை எடுத்து, "அப்பா தன்ர கையை வள்ளத்தோட கட்டினவர்," என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தது. துடைக்காமல் விட்டாள். பக்கத்தில் இருந்த பெடியன் தன் கைலேஞ்சியை நீட்டினான்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. உங்கட கருத்து என்ன?"

பேசாமல் இருக்கும் ஆளைக் கதைக்க வைத்தால் புள்ளி.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாமல், அங்கி இருந்தாலும் அந்தக் காற்றில் பிரயோசனம் இல்லை, பழுதான எஞ்சினோடு ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிற வறுமையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றேன். என் குரல் மரம் மாதிரி இருந்தது. அழுதால் எல்லாம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கதைத்தேன். கைலேஞ்சி கொடுத்த பெடியன் என்னை அருவருப்போடு பார்த்தான்.

அன்றைக்கே நேர்முகத்துக்கு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட அம்மா என் கடதாசியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னா: "பக்கத்தில ஒரு பிள்ளை செத்த தகப்பனைப் பற்றிக் கதைக்குது. நீர் எஞ்சினைப் பற்றிக் கதைக்கிறீர். எங்கட வேலைக்கு மனிசத்தன்மை வேணும், பிள்ளை."

"அது என்ர அப்பா, மடம்," என்றேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்த மனிசன் சிரித்தேவிட்டார். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாவோ?"

"எங்கட பங்குச் சாமியாரைக் கேட்டுப் பாருங்கோ."

"இது நேர்முகம். விசாரணை இல்லை," என்றா அந்த அம்மா. "எரிச்சல் இருந்தால் வெளியில விட்டிட்டு வந்திருக்கவேணும். நீர் போகலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்திலேயே வந்து இருந்தாள். பண்ணைப் பாலம் தாண்டியதும் கேட்டாள்:

"கோவமோ?"

நான் யன்னல் பக்கம் திரும்பினேன்.

"நீ அதைச் சொல்லியிருக்க மாட்டாய். உன்னால ஏலாது. எத்தினை தரம் பழகினனாங்கள்? சும்மா கிடந்த கதைதானே. ஒராளுக்காவது உதவட்டும்."

"உன்ர அப்பா உயிரோட இருக்கிறார்."

"அது அவைக்குத் தெரியாது," என்றாள். குரலில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. கணக்கு ஒன்றைச் சரியாகச் செய்துவிட்ட பிள்ளையின் குரல் அது.

அவள் எடுபட்டாள். அவளுடைய அப்பா ஒழுங்கை முழுக்க லட்டு கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். "உங்கட பிள்ளைக்கும் கெதியிலை கிடைக்கும்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகு நான் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தி நிற்கவில்லை.

"கயிறு கட்டினதையும் சொன்னவளோ?"

"ஓம்."

"அழுதவளோ?"

"ஓம்."

"நீ?"

"இல்லை, அம்மா."

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து லட்டை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மற்றப் பாதியை என்னிடம் நீட்டினா. "தின். அந்தாள் என்ன பிழை செய்தது," என்றா. நான் தின்றேன்.

அதற்குப் பிறகும் இரண்டு இடங்களில் கலந்துரையாடலுக்குப் போனேன். இரண்டாவது இடத்தில், ஒரு காப்புறுதிக் கம்பனியில், எடுத்தார்கள். அங்கே நான் என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டிருந்து கடைசியில் தொகுத்துச் சொன்னேன். நன்றாகச் செய்தேன் என்று அவர்களே சொன்னார்கள்.

போன வருடம், கம்பனி அலுவலாக அவள் வேலை செய்யும் வங்கிக் கிளைக்குப் போக வேண்டி வந்தது. உள்ளே அவளுடைய அப்பா கதிரையில் இருந்தார். கடைக் கணக்கில் ஏதோ பிரச்சினை. அவள் கவுண்டருக்குப் பின்னால் இருந்தாள், சேலை கட்டி, நல்ல வடிவாக. அவரைப் பார்த்து, "ஐயா, உங்கட நம்பர் வந்திட்டுது. இஞ்ச வாங்கோ," என்றாள்.

அவர் எழும்பிப் போனார். கடதாசியில் எங்கே கையெழுத்து வைப்பது என்று விரலால் காட்டினாள். "நன்றி, ஐயா." அவரும், "நன்றி, பிள்ளை," என்றார். என்னைக் கண்டதும் அவள் முகம் ஒருதரம் மாறியது. பிறகு சிரித்தாள், எந்த வாடிக்கையாளரைப் பார்த்தும் சிரிப்பதுபோல.

பின்னேரம் பஸ்ஸில் அவர் எனக்கு முன் சீற்றில் இருந்தார். என்னைக் கண்டு எழும்பிப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அங்க என்னை அப்பா எண்டு கூப்பிட மாட்டாள், பிள்ளை. முதல் தரம் நான் போன நேரம், மாமா எண்டு மனேச்சருக்குச் சொல்லிப்போட்டாள். அந்தாள் என்ர கையைப் பிடிச்சு, தகப்பன் இல்லாத பிள்ளையை நல்லா வளத்திருக்கிறியள் எண்டு சொல்லுது."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான். வேறை என்ன சொல்ல? வேலை போயிடும் எல்லோ." சிரிக்கப் பார்த்தார். "நான் எப்பிடிச் செத்தனானாம்? உனக்குத் தெரியுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "கடலிலை, மாமா," என்றேன்.

"கடலிலையோ!" என்று பெரிதாகச் சிரித்தார். "நான் வள்ளத்தில காலே வைக்கிறேல்லை. நயினாதீவுக்கு லோஞ்சில போனாலும் சத்தி எடுக்கிற ஆள்."

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டைதீவுச் சந்தியில் இறங்கினோம். வழக்கமாக எனக்கு முன்னால் விறுவிறென்று நடக்கிற மனிசன், அன்றைக்கு வீதியோரத்தில் நின்று என்னை முன்னுக்குப் போக விட்டார். ஒழுங்கை முடியும் வரை அவருடைய செருப்புச் சத்தம் பின்னால் கேட்டது. எங்கள் வீட்டுப் படலையடியில் அது நின்றது. அம்மா முற்றத்தில் நின்றா. அவர் அவவை நிமிர்ந்து பார்க்காமல் தன் வீட்டுக்குப் போனார்.