இழுத்தால் வராத புல்

பியோர்ண்டாலில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. போன வசந்தத்தில் பனி உருகியபோது அதன் மண் கரைந்து, கீழ்வீட்டு வாசல்வரை சேறாக வந்தது. அதைச் சரிசெய்ய அனுப்பப்பட்டவர் ஒரு தமிழர் என்பது, இந்தக் குளிர்நாட்டில் குடியேறிய தமிழரான எங்களுக்கே ஆச்சரியம். மெலிந்த மனிதர், காதை மூடிய கம்பளித் தொப்பி, நகக்கண்ணெல்லாம் மண். எதையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அவர் பழக்கம்: வேலிக்கட்டை, கயிறு, தன் சட்டைப் பொத்தான்கூட. சரிவில் புல்விதை தூவி, மேலே வைக்கோல் பரப்பிவிட்டுப் போனார்.

இலையுதிர்காலத்தில் குடியிருப்பாளர் எல்லோரும் சேர்ந்து வளவைத் துப்புரவாக்கும் டுக்னாட் வந்தது. என் தலைமையில்தான் அந்த வைக்கோலையும் மிச்சமில்லாமல் வாரிக் கட்டினோம். மறுநாள் பெருமழை எச்சரிக்கை. அவர் வந்து நின்றார்.

“ஆர் இதை வாரினது?”

“நாங்கள்தான் அண்ணை. குப்பையெண்டு நினைச்சிட்டம்.”

“மழை நேராய் மண்ணிலை விழக்கூடாதெண்டுதானே போட்டனான்.”

பிறகு சரிவில் முழங்காலிட்டு ஒரு புல்லை இழுத்தார். புல் அறுந்தது, வேர் வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் வரவில்லை.

“வேர் பிடிச்சிட்டுது. பயப்பிடாதேங்கோ, இனிப் பெய்யட்டும்.”

மூன்று நாள் பெய்தது. கீழ்வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்தது, மண் வரவில்லை.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால் வானம் இருட்டும்போதெல்லாம் இறங்கிப்போய் ஒரு புல்லை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறேன். நான் இழுத்து இழுத்தே அந்த இடம் மொட்டையாகிவிடுமோ என்பதுதான் இப்போது என் ஒரே பயம்.