ஒரே வெட்டில் முடிக்கத் தெரியாதவர்கள்

நான் குடியிருக்கும் ஆங்கிலேய ஊரில் எங்கள் தெரு வழியாகப் போகும் பேருந்தை நிறுத்தப் போகிறார்கள். நிறுத்தப் போகிறார்கள் என்று நான்தான் சொல்கிறேன். அவர்கள் வாயில் அந்தச் சொல் மட்டும் வராது. கம்பத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 'ஃபேஸ் அவுட்' என்று போட்டிருக்கிறது. முதலில் மணிக்கு ஒன்றாம், பிறகு காலையும் மாலையும் மட்டுமாம், அப்புறம் செவ்வாய்க்கிழமைக்கு ஒன்றாம். சாகிற பேருந்துக்கு ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் ஒன்றை முடிப்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் சொற்களையெல்லாம் முப்பது வருடத்தில் காதாலேயே படித்துவிட்டேன். கடையை 'வைண்ட் டவுன்' பண்ணுவார்கள். மாத்திரையை 'டேப்பர்' பண்ணுவார்கள். போனில் இருக்கும் ஏதோ ஒரு வசதியை 'சன்செட்' பண்ணுவார்களாம். சூரியன் என்ன இவர்கள் வீட்டுப் பண்ணையாளா, சொன்ன நேரத்துக்கு மறைய? எங்கள் திருவாதவூரில் பம்புசெட்டை நிறுத்த வேண்டுமென்றால் சுவிட்சைக் கீழே தட்டுவோம். தண்ணீர் நின்றுவிடும்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து சரக்குக் கிட்டங்கியில் தரை கழுவியவன், பத்தே வருடத்தில் மதுரைப் பக்கம் கப்பலூரில் சொந்தமாக ரப்பர் கம்பெனி போட்டேன். நாலு பிரஸ் மிஷின், பதினோரு ஆள். துணி துவைக்கும் மிஷினின் கதவுக்கு வைக்கும் ரப்பர் வளையம் செய்து இங்கே அனுப்புவோம். எந்தக் காலேஜில் படித்தவன் இதைச் செய்தான்? வளையத்தை வாங்கும் கம்பெனியில் ஹெலன் என்று ஒரு அதிகாரி. போன வருடம் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, அந்த வளையத்தை மெதுவாக ஃபேஸ் அவுட் செய்கிறோம் என்றாள். "இனி வேண்டாமா?" என்று கேட்டேன். "அப்படி இல்லை, பதினெட்டு மாதத்தில் மெல்ல மெல்ல" என்றாள். "அப்படியென்றால் வேண்டுமா?" என்றேன். என் ஆங்கிலம் விளங்கவில்லை என்று நினைத்து அதையே இன்னும் மெதுவாக, சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. பதவியில் இருக்கிற ஆளுக்கு ஆம், இல்லை என்று இரண்டில் ஒன்று சொல்லத் தைரியம் வேண்டாமா?

நான் அப்படிச் செய்யக்கூடாது என்று விமானம் ஏறினேன். அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. கம்பெனி தொடங்கிய நாள் முதல் அதைப் பார்த்துக்கொள்பவர் யூசுப் பாய், மதுரைக்குள் பழைய குடும்பம். அவரைப் பக்கத்துப் பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்னைக் கேட்காமல் போக மாட்டேன் என்று அவர் தவணை சொல்லி வைத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதருக்கு இன்னொரு தடவை யார் வேலை கொடுப்பார்கள்? என் ஒரு வார்த்தையில் அவருக்கு வழி பிறந்துவிடும். பதினோரு பேரும் ஒன்றாக நிற்கிற நாள் எது என்று யோசித்து, ஆயுத பூஜையாகப் பார்த்துப் போனேன். இம்புட்டு அறிவாளி நான்.

மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பாய் வெள்ளைச் சட்டை போட்டுப் பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். சூடம் காட்டி முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னியோட கம்பெனிய மூடுறேன்" என்றேன்.

யாரும் அழவில்லை. வளையத்தில் பிசிறு வெட்டும் பாண்டியம்மாதான் இடுப்பில் கை வைத்தாள். "நல்லா இருக்கே மொதலாளி! பொட்டு வச்ச மிஷின மறுநா ஓட்டாம விட்டா வெளங்குமா? சீமைக்குப் போயி இதெல்லாமா மறந்துட்டீக?"

"அந்தம்மா சொல்றதும் சரிதாண்ணே" என்றார் பாய். "நாளைக்கு ஒரு ஈடு ஓட்டிட்டுப் பேசுவோம்."

மறுநாள் விஜயதசமிக்கு நானே சுவிட்சைப் போட்டேன். ஒரு ஈடு வளையம் வந்து விழுந்தது. வாயைத் திறப்பதற்குள், "தீவாளிக்கு முன்னால எவனாச்சும் கம்பெனிய மூடுவானா?" என்று ஒருவர். சரி, தீபாவளி முடியட்டும் என்றேன். கார்த்திகை என்றார்கள், சரி என்றேன். "மார்கழில நல்லது கெட்டது எதுவும் செய்யக் கூடாதுண்ணே, தை பொறக்கட்டும்" என்றார்கள். அதற்கும் தலையை ஆட்டினேன். ஹெலனாவது பதினெட்டு மாதம் என்று ஒரு கணக்குச் சொன்னாள். நான் பஞ்சாங்கத்தைக் காட்டிவிட்டு விமானம் ஏறி வந்துவிட்டேன். ஒரு மிஷின் நின்றது, அப்புறம் இன்னொன்று. இரண்டு நாள் வேலை, ஒரு நாள் சும்மா.

தை பிறந்து ஒரு வாரம் கழித்துக் காலையில் பாய் போன் செய்தார். "அந்த வேலைக்கு வேற ஆளப் போட்டுட்டாங்கண்ணே" என்றார், மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. "பரவால்ல. நீங்க நம்ம கம்பெனி என்னாகுதுன்னு சொல்லுங்க."

என் மேல் எனக்கு வந்த அருவருப்பு, எந்த வெள்ளைக்காரன் மேலும் வந்ததில்லை. "சனிக்கிழமையோட சரி பாய். எல்லார்ட்டயும் சொல்லிருங்க."

"நீங்களே சொல்லுங்கண்ணே. ஸ்பீக்கர்ல போடுறேன்."

சொன்னேன். பின்னால் ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே பாண்டியம்மாவின் குரல். "இத அன்னைக்கே சொல்லிருந்தா பாயாச்சும் பொழச்சிருப்பாருல்ல?"

"அன்னைக்குச் சொன்னேன்ல? நீதான தாயி விடல."

"நாங்க ஆயிரம் சொல்லுவோம். மொதலாளி நீங்கதான?"

பாய் போனைத் திரும்ப வாங்கி, "இனி ஊருப்பக்கம் எப்பண்ணே வாரீங்க?" என்றார். இருபது வருடமாகக் கப்பலூரைச் சொல்லித்தான் டிக்கெட் போட்டு வந்திருக்கிறேன். இனி எதைச் சொல்லிப் போடுவது? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. தூக்குவாளிகள் திறக்கிற சத்தம், யாரோ யாருக்கோ கூட்டு கொடுக்கிற பேச்சு. என் முன்னால் காலை டீ ஆடை கட்டிக் கிடந்தது. சன்னலுக்கு வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. கை கழுவிக்கொண்டு எங்கே போய் உட்காருவது என்று தெரியாதவனாக எழுந்து நின்றேன்.