சன்ரூஃபுக்கு கிரீஸ் போட்ட ஞாயிறு

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அம்மா என்னைத் திண்டிவனத்துக்கு, பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போனாள். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் ஊர். எப்போதும் நாலு நாளில் திரும்பிவிடுவோம். அந்த முறை ஒரு மாதத்துக்கு மேலாகியும் திரும்பவில்லை. நான் அதை என் அதிர்ஷ்டம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சற்று முன்புதான் அப்பா ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. தையல் கடை வைப்பதற்காக அம்மா எங்கள் தெருமுனையில் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். கார் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. அப்பாவுக்கு அந்தக் காரில் பிடித்தது இன்ஜினோ சீட்டோ அல்ல, அதன் சன்ரூஃப். ஸ்விட்சை அமுக்கினால் கூரையின் கண்ணாடி பின்னால் நகர்ந்து வானம் தெரியும். தெருப்பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் வாசலுக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து என்னையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அந்தக் காரில் திண்டிவனம் வந்தார். கார் வந்த கோலத்தைப் பார்த்துத் தெருவே சிரித்தது. பாதி திறந்தபடி சிக்கிக்கொண்ட கூரையின் மேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தார். வரும் வழியில் காற்றடித்து ஒரு பக்கம் பிய்ந்து கொடிபோலப் பறந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்தவர் ஒரு நீளக் கவரைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பெரியம்மா அதைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "உக்காருங்க தம்பி" என்றாள். அம்மா போனில் கேட்டிருந்த என்னுடைய டி.சி. அதில் இருந்தது. என்னைத் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக. இது எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்துத்தான். அன்றைக்கு நான் கவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கூரைதான் கவலை.

காபி குடித்து முடித்ததும் அப்பா கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. வானத்தைப் பார்த்து, "மழ வர்ற மாதிரி கீது. இந்தக் கூரய வெச்சிக்கினு எப்பிடிப் போறது, ஒரே பேஜாரு" என்று பொதுவாகச் சொன்னார்.

அம்மா கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காரின் பக்கத்தில் போட்டு ஏறி நின்று, கூரைக்குள் எட்டிப் பார்த்தாள். தையல் மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்டத் தெரிந்தவள் அவள். கண்ணாடி நகர்கிற ஓரத்துத் தண்டவாளத்தை விரலால் தடவி மோந்து பார்த்தாள்.

"பாப்பா, இதுல தேங்காண்ணெ ஊத்துனாரான்னு உங்கப்பாவ கேளு."

அப்பா ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். நான் ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் கேட்டேன்.

"லைட்டாத்தான் ஊத்துனேன்னு சொல்லு."

"லைட்டாத்தான் ஊத்துனாராம்."

"எண்ணெ ஊத்தினா தூசி வந்து ஒட்டிக்கும், மொதல்ல அழுக்க எடுக்கணும்னு தெரியாதான்னு கேளு."

இப்படியே பேச்சு என் வழியாகப் போய்வந்தது. என்னைப் பெரிய மனுஷியாக மதிக்கிறார்கள் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மெஷினில் பஞ்சு எடுக்கிற சின்னப் பிரஷ்ஷால் அம்மா தண்டவாளத்தைச் சுரண்டினாள். எண்ணெயும் புழுதியும் வேப்பம்பூவும் சேர்ந்து கறுப்புக் களிபோல வந்தது. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ரப்பர் ஓரங்களைத் துடைத்தாள். துணி கறுத்ததும் அப்பா வேறு துணி நீட்டினார். அவள் கேட்காமலே நீட்டினார், அவள் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள்.

மூலையில் தண்ணீர் வடிகிற ஓட்டையும் அடைத்திருந்தது. அப்பா கம்பியால் குத்தப் போனார்.

"கம்பி வாணாம். உள்ள டியூபு கிழிஞ்சிடும்" என்று அம்மா அவரிடமே நேராகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு என்னைப் பார்த்தாள். நான் சேதியைச் சேர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா கம்பியைக் கீழே போட்டிருந்தார். அம்மா தடித்த நைலான் கயிற்றை மெல்ல உள்ளே விட்டுத் திருகி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். நான் டயர் பக்கத்தில் குந்தி, "தண்ணி வந்துட்சி!" என்று கத்தினேன்.

கிரீஸ் வேண்டும் என்றபோது அப்பா டிக்கியைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். தண்டவாளத்துக்கு வெள்ளை கிரீஸ், ரப்பருக்கு சிலிக்கான் ஸ்ப்ரே, இரண்டும் இருந்தன. கவரில் விழுப்புரத்துக் கடைப் பெயர் அச்சாகியிருந்தது. அம்மா அதைப் படித்தாள்.

"எல்லாம் வாங்கி வெச்சிக்கினு அங்கியே பண்ணியிருக்கலாமே?"

"தனியா பண்ண முடியாதும்மே. ஒரு ஆளு உள்ள குந்தி ஸ்விட்ச அமுக்கணும்."

"விழுப்புரத்துல ஸ்விட்ச அமுக்க ஆளே இல்லியா?"

அப்பா கிரீஸை அவளிடம் கொடுத்துவிட்டு காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா கொஞ்சமாக கிரீஸை எடுத்து இரண்டு பக்கமும் தடவினாள்.

"அமுக்குங்க."

கூரை முனகிக்கொண்டு ஒரு விரல் அளவு நகர்ந்தது.

"வுடுங்க. திரும்ப."

இப்படி எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. ஒரு கட்டத்தில் முனகல் நின்று, கண்ணாடி வழுக்கிக்கொண்டு போய் முழுசாக மூடியது. மீண்டும் திறந்தது. திறந்த இடத்தில் அப்பாவின் முகம் தெரிந்தது. அம்மா வழிந்த கிரீஸைத் துடைக்கிற சாக்கில் கீழே குனிந்துகொண்டாள்.

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். கிளியனூர் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்றார் அப்பா. நான் பாய்ந்து முன் சீட்டில் ஏறினேன். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து பின்னால் ஏறினாள்.

புதுச்சேரி சாலையில், கிளியனூருக்குப் பக்கத்தில், வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போட்டிருந்த ஒரு கொல்லை ஓரமாக அப்பா காரை நிறுத்தினார். கூரையைத் திறந்து, "இப்ப ஏறி நில்லு பாப்பா" என்றார். ஓடும்போது நிற்கக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. சீட்டின் மேல் ஏறித் தலையை வெளியே நீட்டினேன். சாலையில் போகிறவர்கள் எல்லாம் எனக்குக் கீழே போனார்கள். மழை வாசனையோடு காற்று அடித்தது. கொல்லையில் கொக்குகள் நின்றன. "கொக்கு பாரும்மா" என்று கத்தினேன்.

என் இடுப்புக்குக் கீழே, காருக்குள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். காற்றில் ஒன்றும் பிடிபடவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?" என்ற அம்மாவின் குரல் மட்டும் ஒருமுறை தெளிவாகக் கேட்டது. அப்பா சொன்னது கேட்கவில்லை. நான் கொக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் என்னை நிற்க விட்டிருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. கால் வலிக்கிற வரைக்கும் யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை.

கடைசியில் முதல் சொட்டு மழை நெற்றியில் விழுந்தது. சீட்டில் இறங்கி உட்கார்ந்தேன். அம்மா பின்னாலிருந்து இறங்கிக் காரைச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, என்னைத் தூக்கிப் பின் சீட்டில் விட்டாள். பிறகு முன் சீட்டில் அவள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா ஸ்விட்சை அமுக்கினார். கூரை சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

திண்டிவனம் போய்ப் பையை எடுத்தோம். பெரியம்மா ஃபிரிட்ஜ் மேலிருந்த கவரை எடுத்து அப்பாவிடமே கொடுத்தாள். அங்கிருந்து விழுப்புரம் வந்து சேரும் வரைக்கும் நான் ஓயாமல் அழுதேன். அது என் சீட்டு, நான் முதலில் ஏறியது, அம்மா பிடுங்கிக்கொண்டாள் என்று விக்கி விக்கிச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பிள்ளை இப்படி நியாயம் கேட்டு அழும்போது, பெற்றவர்களுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்குப் புரியவே இல்லை.