எண்ணெய் எங்கே போச்சு?

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய அரிசி குடோனின் பின்னறையில் முப்பிடாதி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் தயாரிக்கிறாள். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து பதினேழு வருஷமாகிறது. அதில் பதினோரு வருஷம் ஓட்டல்களில் எச்சில் தட்டு கழுவினாள். விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போய் வேலையை விட்டபிறகு, ஆறு நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்து இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே மற்றவர்கள் கலவை அளவுகளை எழுதிக்கொண்டிருக்க, இவள் மட்டும் "சோப்பு எண்ணெயை என்னதான் செய்யுது?" என்று விடாமல் கேட்டாள். விவரம் தெரிந்தது. சோப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெயும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், வாலை எண்ணெய்க்குள் விட்டு, தலையைத் தண்ணீரில் வைத்து, நெருக்கியடித்து நிற்கும். கலக்கினால் எண்ணெய் பொடித்துளிகளாக உடையும். ஒவ்வொரு துளியையும் அவை சூழ்ந்துகொண்டு, ஒன்றோடொன்று சேரவிடாது. கண்ணுக்குத் தெரியாதே தவிர எண்ணெய் அங்கேயேதான் இருக்கும்.

போன ஏப்ரலில் ரமேஷ்பாபு வந்தான். பக்கத்துக் கால்வாய்க் கரையில் இருக்கும் படகு எஞ்சின் பட்டறையின் மேலாளர்.

"சேச்சி, அம்பது லிட்டர் வேணும். இன்னிக்கே."

"இம்புட்டும் எதுக்கு சேட்டா?"

"கால்வாய்த் தோட்டுல கொறச்சு ஆயில் விழுந்துபோயி. நாளைக்கு மேடம் பரிசோதிக்க வருது. இத அடிச்சா எல்லாம் கிளீனாகும்."

"கிளீனாகாது, கண்ணுக்குத் தெரியாம உள்ள போகும். கால்வாய் வாயில நண்டு பிடிக்கிற சேவியர் என்னத்தப் பிடிப்பாரு? நான் தரமாட்டேன்."

"நிங்கள்க்கு கச்சவடம் வேண்டாமா?"

"யாவாரம் வேணும். இதுக்கு வேண்டாம்."

அவன் வேறெங்கோ வாங்கினான். மறுநாள் விடிந்ததும் சோப்பைக் கால்வாயில் குழாய் வைத்து அடித்தார்கள். வானவில் நிறத்தில் மின்னிய படலம் காணாமல் போனது. பத்து மணிக்கு வந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர் ஸுப்ரியா எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று காகிதத்தில் எழுதத் தொடங்கினார்.

முப்பிடாதி வேடிக்கை பார்த்த கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். கையில் ஒரு சாயா கிளாஸும் தன் சோப்புப் புட்டியும்.

"மேடம், ஒரு நிமிஷம் பாருங்க."

"பாத்திரம் கழுவுற ஸ்த்ரீயாணு. இவளுக்கு எந்தறியாம்?" என்றான் ரமேஷ்பாபு.

"கழுவுனதாலதான்யா தெரியும்!"

பட்டறை டிரம்மிலிருந்தே ஒரு கரண்டி எண்ணெய் எடுத்துக் கிளாஸ் தண்ணீரில் ஊற்றினாள். கறுப்பாக மிதந்தது. சோப்பை விட்டு, உள்ளங்கையால் வாயை மூடி, ஓங்கிக் குலுக்கினாள். மேலே மிதந்ததைக் காணோம். தண்ணீர் முழுக்கச் சாம்பல் நிறப் பாலாகிவிட்டது.

"இப்ப எண்ணெய் எங்க போச்சு மேடம்? இவங்க அடிச்சதும் இதேதான். மேலாப்புல பார்த்தா ஒண்ணும் தெரியாது. முழங்கை ஆழத்துல மொண்டு பாருங்க."

ஸுப்ரியா கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுதியதை அடித்தார். ஓட்டுநரிடம் புட்டி வாங்கிவரச் சொல்லி, மூன்று இடத்தில் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்து முத்திரை வைத்தார்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது: மூன்று புட்டியிலும் எண்ணெய். கழிவெண்ணெய்க்குத் தனித் தொட்டி கட்டும்வரை பட்டறை திறக்கக் கூடாது என்று உத்தரவானது. ஆனால் கால்வாய்க்குள் போனதை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை. சேவியர் இரண்டு மாதம் அந்தப் பக்கம் வலை வைக்கவில்லை.

ரமேஷ்பாபுவும் சும்மா இருக்கவில்லை. அவனுக்கு வேண்டிய நாலு கடைகள் முப்பிடாதியிடம் வாங்குவதை நிறுத்தின. அவள் போய்க் கெஞ்சவில்லை. கேன்களை ஆட்டோவில் ஏற்றி இடக்கொச்சிக்குப் போய், புதிதாகத் திறந்த மீன் சாப்பாட்டுக் கடையின் அடுக்களைக்குள் சோப்புப் புட்டியோடு நேராக நுழைந்தாள்.

"உங்க கிட்ட இருக்கிறதுலயே எண்ணெய்ப் பிசுக்கான சட்டியைக் குடுங்க," என்றாள்.