பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டிப் பட்டியல்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்கள் பக்கத்து வீட்டு மாலதி, குடும்பத்துக்கான மாத இலக்குகளை எழுதி சமையலறை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருப்பாள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் முடித்துக் கோடு போட்டு அடித்திருப்பாள். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் படமெடுத்து, அப்படியே எழுதி எங்கள் வீட்டிலும் ஒட்டினேன்.

முதல் இலக்கு, ‘பிள்ளை தானாகக் குளிக்க வேண்டும்.’ அவள் மகனுக்கு ஏழு வயது. என் மகனுக்கு மூன்று. தனியாகக் குளியலறைக்கு அனுப்பினேன்; உள்ளே தாழிட்டவனுக்குத் திறக்கத் தெரியவில்லை. அலறல் கேட்டு ஓடிவந்த மாலதிதான் கத்தியை இடுக்கில் நுழைத்துத் தாழை நீக்கினாள்.

பிள்ளையைத் துவட்டும்போது பட்டியலைப் பார்த்துவிட்டாள். “அக்கா, மாமியாருக்குக் கண்ணுக்கு மருந்து ஊத்தணும்னு எழுதியிருக்கீங்க. உங்க வீட்டுல மாமியாரே இல்லையே லா?”

இப்போது என் மகனைப் பார்த்துத்தான் இலக்கு எழுதுகிறேன். மாலதி வீட்டுக்குப் போனால் ஐஸ்பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன்.